வாளிக்கு எத்தனை கிராம்? வீட்டில் பாத் பாம் செய்பவர்களுக்கு

குளிக்கும் தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் வாசனை உருண்டைதான் பாத் பாம். இணையத்தில் கிடைக்கும் அதன் செய்முறைகள் பெரும்பாலும் குளியல் தொட்டிக்காக எழுதப்பட்டவை. அதில் வியப்பில்லை. தண்ணீரில் பொங்கிக் கரையும் அல்கா செல்ட்சர் மாத்திரையைப் பார்த்து, 1989-இல் இங்கிலாந்தின் டார்செட்டில் மோ கான்ஸ்டன்டைன் உருவாக்கிய பொருள் அது. பின்னாளில் லஷ் என்னும் அழகுசாதன நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அங்கே தொட்டியில் ஏறத்தாழ 150 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதில் 120 கிராம் உருண்டையைப் போட்டால் லிட்டருக்கு 1 கிராம்கூட வராது. அதே உருண்டையை நம் வீட்டு 15 லிட்டர் வாளியில் போட்டால் லிட்டருக்கு 8 கிராம். கால் ஊறவைக்கும் 5 லிட்டர் டப்பில் போட்டால் 24 கிராம். வாசனை எண்ணெயின் செறிவும் அதே கணக்கில் ஏறும். "குளித்ததும் உடம்பு அரிக்கிறது, கால் எரிகிறது" என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

லிட்டருக்கு 1 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாளிக்கு 15 கிராம் உருண்டை ஒன்று, கால் டப்புக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு. பெரிய நெல்லிக்காய் அளவுதான் வரும். படத்துக்கு அழகாக இருக்காது, தோலுக்கு நல்லது.

15 கிராம் உருண்டைகள் 23 வரைக்கும் வரும் கலவை இது: ஆப்ப சோடா 200 கிராம், சிட்ரிக் ஆசிட் 100 கிராம், வெள்ளை கார்ன்ஃப்ளார் 40 கிராம், உருக்கிய கோகோ பட்டர் 6 கிராம், தேங்காய் எண்ணெய் 4 கிராம், எண்ணெயைத் தண்ணீரில் கலக்கவைக்கும் பாலிசார்பேட் 80 என்னும் திரவம் 4 கிராம், லாவெண்டர் போன்ற வாசனை எண்ணெய் 2 கிராம். கரண்டிக் கணக்கு வேண்டாம். 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும். 10 கிராமுக்கும் குறைவானவற்றுக்கு மட்டும் நகைத் தராசு மாதிரியான சின்னத் தராசு இருந்தால் நல்லது.

கடையில் வாங்கும்போதே தவறு நடக்கும் இடம் சோடா. ஆப்ப சோடா, சமையல் சோடா என்று கிடைப்பது சோடியம் பைகார்பனேட், வேண்டியது இதுதான். வாஷிங் சோடா சோடியம் கார்பனேட்; காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) மிக அதிகம், தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். பேக்கிங் பவுடரில் ஏற்கெனவே அமிலமும் மாவும் சேர்ந்திருக்கும், அதுவும் ஆகாது. மூன்றும் வெள்ளைப் பொடிதான். சில்லறையாகக் கட்டிக்கொடுப்பதை வாங்காமல், பெயர் அச்சிட்ட பாக்கெட்டாக வாங்குங்கள்.

சோடா இரண்டு பங்கு, அமிலம் ஒரு பங்கு என்பதற்குக் காரணம் உண்டு. நீரற்ற சிட்ரிக் ஆசிட் 1 கிராமைச் சமன்செய்ய 1.31 கிராம் சோடா போதும். 100 கிராம் அமிலத்துக்கு 131 கிராம் செலவாகி, மீதி 69 கிராம் தண்ணீரில் நிற்கும். அதனால் தண்ணீர் லேசாகக் காரமாகுமே தவிர புளிக்காது. "நுரை இன்னும் பொங்கட்டும்" என்று சரிபாதியாகக் கலந்தால் அமிலம் மிஞ்சும். சவரம் செய்த இடத்திலும் கீறலிலும் சுரீரென்று எரியும். வாங்கும்போது நீரற்ற வகையா, மோனோஹைட்ரேட்டா என்றும் பாருங்கள். மோனோஹைட்ரேட்டின் எடையில் 8.6 சதவீதம் தண்ணீர். ஈரக்காற்று உள்ள ஊர்களில் நீரற்றதே பிழைக்கும்.

இனி செய்முறை. சிட்ரிக் ஆசிட் சர்க்கரை மாதிரிப் பரலாக இருந்தால் ஈரமில்லாத மிக்ஸி ஜாரில் ஒரு சுற்று விடுங்கள். உடனே மூடியைத் திறக்காதீர்கள், தூள் அடங்கட்டும். மூக்கில் ஏறினால் இருமல், கண்ணில் பட்டால் கடும் எரிச்சல். முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, எரிச்சல் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

சோடாவையும் கார்ன்ஃப்ளாரையும் சலித்துக் கலக்குங்கள். கோகோ பட்டர், தேங்காய் எண்ணெய், பாலிசார்பேட், வாசனை எண்ணெய் நான்கையும் தனியாகக் கலக்கி, இந்தப் பொடியில் ஊற்றிக் கட்டியில்லாமல் விரலால் பிசறுங்கள். எண்ணெய் சோடாவின் மேல் பூசிக்கொண்ட பிறகே சிட்ரிக் ஆசிட்டைச் சேர்க்க வேண்டும். வரிசை மாறினால் கலக்கும்போதே பொங்கத் தொடங்கும் வாய்ப்பு அதிகம். பதம் புட்டு மாவுதான்: பிடித்தால் பிடி, உதிர்த்தால் உதிரி. பிடி நிற்காவிட்டால் 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலை ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி இரண்டு மூன்று முறை மட்டும் அடியுங்கள். 70 சதவீதத்தில் மிச்சமெல்லாம் தண்ணீர், பன்னீரும் தண்ணீர்தான், இரண்டும் கெடுத்துவிடும். ஆல்கஹால் தீப்பற்றும், அடுப்பும் சாமி விளக்கும் எரியாத அறையில் வேலை செய்யுங்கள்.

அச்சில் அழுத்தி அடைத்து, பத்து நிமிடம் கழித்துத் தட்டி எடுத்து, 24 மணி நேரம் காயவிடுங்கள். உருண்டை உப்பி வெடித்தாலும், மேலே மரு மாதிரிக் கிளம்பினாலும் காரணம் ஒன்றே, ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ திறந்த அறையில் இது வேலைக்காகாது. மின்விசிறி அந்த ஈரக்காற்றையே கொண்டுவந்து மோதும். ஏசி அறையில் செய்யுங்கள், இல்லாவிட்டால் மழை ஓயட்டும். ஃப்ரிஜ்ஜில் வைத்து எடுத்தால் வெளியே வந்ததும் மேலே நீர் கோத்துக்கொள்ளும். உருண்டை உதிர்ந்தால் எண்ணெய் போதவில்லை, அல்லது அழுத்தம் போதவில்லை. தொட்டால் பிசுக்கென்று இருந்தால் தேங்காய் எண்ணெய் கூடிவிட்டது. அது 24 டிகிரிக்கு மேல் உருகி நிற்பதால்தான் பாதிக்கு மேல் கோகோ பட்டர் சொன்னோம். எப்சம் உப்பைச் சேர்க்கச் சொல்லும் செய்முறைகளை ஒதுக்கிவிடலாம். அதன் எடையில் பாதி தண்ணீர்.

பாலிசார்பேட்டைப் பலரும் மிச்சம் பிடிக்கிறார்கள். அது இல்லாவிட்டால் எண்ணெய் தண்ணீரில் கலக்காமல் மேலே படலமாக மிதந்து, நீர்க்காமல் அப்படியே தோலில் ஒட்டும். தரையிலும் வழுக்கும். கிராம்பு, பட்டை எண்ணெய்கள் தோலை எரிக்கக்கூடியவை. பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெய் பட்ட தோலில் வெயில் பட்டால் கறுக்கலாம். கற்பூரம், நீலகிரித் தைலம் இரண்டும் சிறு குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம், கற்பூரம் வலிப்பை உண்டாக்கும். நிறத்துக்கு ஹோலிப் பொடி, கோலப்பொடி போடாதீர்கள். மஞ்சள்தூளும் சரிப்படாது: குங்குமம் சிவப்பது மஞ்சளில் காரம் சேர்வதால், இங்கேயும் சோடா பட்டுச் செம்பழுப்புத் திட்டுகள் விழும். நிறமே இல்லாமல் செய்வதுதான் எங்கள் சிபாரிசு.

இன்னொன்று அழுத்திச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் இது அதிகம் போவது பெரியவர்கள் கால் ஊறவைக்கும் டப்புக்கு, அவர்களில் பலருக்குச் சர்க்கரை நோய். பாதம் மரத்துப்போனவர்களுக்குத் தண்ணீரின் சூடு தெரியாது, எரிச்சலும் தெரியாது. ஊறி வெளுத்த தோலில் விழும் சிறு வெடிப்பு புண்ணாக மாறும். அவர்கள் காலை எதிலும் ஊறவைக்கக் கூடாது, பாத் பாம் போட்டாலும் போடாவிட்டாலும். கரப்பான், அடிக்கடி சிறுநீர்த் தொற்று, பெண்ணுறுப்பில் அரிப்பு உள்ளவர்களும் தவிர்க்கட்டும். மற்றவர்களுக்கு வெதுவெதுப்பான தண்ணீர், பத்துப் பதினைந்து நிமிடம், பிறகு நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுதல். முகத்துக்கும் தலைக்கும் வேண்டாம். புதிதாகப் பயன்படுத்துபவர்கள் கரைத்த தண்ணீரை முழங்கை மடிப்பில் தொட்டுவைத்து ஒரு நாள் பாருங்கள்.

நன்கு காய்ந்த பிறகு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். ஈரம் போகாத உருண்டையைக் கண்ணாடிப் புட்டியில் இறுக மூடினால் உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கலாம். குழந்தைகள் தின்பண்டம் என்று நினைத்துவிடாமலிருக்க லட்டு, பேடா வடிவ அச்சு வேண்டாம், சமையலறை அலமாரியும் வேண்டாம். 15 கிராம் உருண்டையில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் வாயு அடங்கியிருக்கிறது. குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

விற்க நினைப்பவர்களுக்கு: இந்தியாவில் குளியல் பொருள்கள் 1940-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வருபவை. 2020-இல் வந்த அழகுசாதனப் பொருள்கள் விதிகளின்படி விற்பனைக்குத் தயாரிக்க மாநில உரிம அதிகாரியிடம் உரிமம் வாங்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் வீட்டிலிருந்து விற்றாலும் இதே விதிதான். "மூட்டுவலி போகும்", "தோல்நோய் தீரும்" என்று எழுதினால் அது மருந்துக்கான உரிமைகோரலாகி, வேறு விதமான சிக்கலில் கொண்டுபோய் விடும்.