ஓட ஆரம்பித்தால் வலி போய்விடுகிறதா? காலைக் காட்டிவிடுங்கள்

ஸ்டீபிள்சேஸ் ஓடியவன் நான் என்று சொன்னால், "தண்ணிக்குள்ள குதிச்சுக் குதிச்சு ஓடுவாங்களே, அதுவா சார்?" என்றுதான் கேட்பார்கள். அதேதான். 3,000 மீட்டர் தூரத்தில் 28 தடைகள், அது போக 7 முறை தண்ணீர்க் குழி. தடையின் உயரம் ஆண்களுக்கு 91.4 சென்டிமீட்டர், பெண்களுக்கு 76.2. ஹர்டில்ஸில் கால் பட்டால் தடை சாய்ந்து கொடுக்கும். இதில் கொடுக்காது. சாய வேண்டியது நாம்தான்.

ஓடுகிறவர்கள் மருத்துவத்துக்கு வருவது புதிதல்ல. 1954இல் ஒரு மைலை 4 நிமிடத்துக்குள் முதன்முதலாக ஓடிய ரோஜர் பேனிஸ்டர், பிறகு நரம்பியல் மருத்துவராகத்தான் வாழ்ந்தார். நான் வந்தது விளையாட்டு மருத்துவத்துக்கு. இப்போது அதைக் கற்பிக்கவும் செய்கிறேன். ஓடிய காலத்தால் கிடைத்த லாபம் ஒன்று உண்டு: ஓட்டக்காரர்கள் டாக்டரிடம் எப்படிப் பொய் சொல்வார்கள் என்பது எனக்கு மனப்பாடம்.

இந்தப் போட்டியில் எல்லோருக்கும் பயம் விழுவதைப் பற்றித்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில், உலக சாதனையாளர் லமேச்சா கிர்மா கடைசிச் சுற்றில் தடையில் இடறி விழுந்ததையும், ஸ்ட்ரெச்சரில் கொண்டு போகப்பட்டதையும் உலகமே பார்த்தது. அப்படி விழுந்தால் உடனே ஆள் ஓடி வரும், சிகிச்சை தொடங்கிவிடும். என் அறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் எங்கேயும் விழாதவர்கள். "ஆரம்பத்துல கொஞ்சம் வலிக்குது சார், ஓட ஆரம்பிச்சா போயிடுது" என்பார்கள். அந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

எலும்பு உயிருள்ள பொருள். ஓடும்போது அதில் கண்ணுக்குத் தெரியாத சேதங்கள் உண்டாகும். உடல் முதலில் சேதமான பகுதியை அரித்து எடுக்கும், அப்புறம்தான் புது எலும்பை நிரப்பும். எடுப்பது சீக்கிரம் நடந்துவிடும். நிரப்புவதற்கு மாதக்கணக்கில் ஆகும். ரோட்டைத் தோண்டிப் போட்டுவிட்டுத் தார் போடுவதற்குள் லாரியை விட்டால் என்ன ஆகும்? போட்டி நெருங்குகிறது என்று பயிற்சியைத் திடீரென்று கூட்டுவதும் அதுதான். அரித்த இடம் நிரம்புவதற்குள் விரிசல் விழுகிறது. இதைத்தான் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்கிறோம்.

ஸ்டீபிள்சேஸ்காரர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி: "தண்ணியில எந்தக் கால்ல இறங்குவே?" தண்ணீர்க் குழியில் தடையின் மேல் ஒரு காலை வைத்து உந்தித் தாவினால், மறுகாலில்தான் இறங்க வேண்டும். பழக்கத்தில் பெரும்பாலோருக்கு அது எப்போதும் ஒரே கால். முழு உடம்பும், வேகமும், உயரத்திலிருந்து இறங்கும் அடியும் அந்த ஒற்றைக் காலுக்கே போகும். போட்டியில் 7 முறை. பயிற்சியில் எத்தனை முறை என்று யாரும் எண்ணுவதில்லை. பயிற்சியாளர்கள் கிலோமீட்டரை எழுதி வைக்கிறார்கள். தாவல்களையும் எழுதுங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பை விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். உள்பக்க ஓரம் நெடுக, நாலைந்து விரல் அகலத்துக்கோ அதற்கு மேலோ பரவலாக வலித்தால் பெரும்பாலும் ஷின் ஸ்பிளிண்ட்ஸ், அதாவது விரிசல் விழாமல் எலும்பின் ஓரத்தில் வரும் வலி. ஒரே ஒரு விரல் நுனி அளவு இடத்தில் "ஆ" என்று வலித்தால் விரிசலாக இருக்கலாம், ஓட்டத்தை நிறுத்திவிட்டு வாருங்கள். படுத்திருக்கும்போதும் வலித்தால் இன்னும் சீக்கிரம் வாருங்கள். குதித்துப் பார்த்துச் சோதிக்கிற வேலையை எங்களிடம் விட்டுவிடுங்கள்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று நிம்மதியாகத் திரும்பி ஓடப் போகிறவர்கள் உண்டு. முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் இந்த விரிசல் தெரியாமல் போவது சகஜம். எம்.ஆர்.ஐ.தான் காட்டிக் கொடுக்கும். இடுப்பு மடிப்பில் வலியென்றால் தொடையெலும்பின் கழுத்தில் விரிசலா என்று பார்க்க வேண்டும்; அது முழுதாக உடைந்தால் அவசர அறுவை சிகிச்சை. பாதத்தின் மேல்பக்கம், கணுக்காலுக்குச் சற்று முன்னால் வலித்தால் அங்கிருக்கும் நேவிகுலர் என்ற சிறிய எலும்பில் விரிசலா என்று பார்க்க வேண்டும். அதன் நடுப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு, ஆறுவதும் தாமதம். இந்த இரண்டையும் தைலம் தேய்த்துத் தள்ளிப்போடாதீர்கள்.

என் மாணவர்கள் நேராகக் காலைத் தொடப் போவார்கள். முதலில் சாப்பாட்டைக் கேளுங்கள் என்பேன். எடை குறைந்தால் வேகம் கூடும் என்ற நம்பிக்கையில் பட்டினி கிடந்து ஓடும் பிள்ளைகள் ஏராளம். உடம்புக்குத் தேவையான சக்தி கிடைக்காவிட்டால் அது முதலில் கைவைப்பது ஹார்மோன்களிலும் எலும்பிலும். பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும், நின்றும் போகும். "ஓடுறவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று மூத்த வீராங்கனைகளே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அப்படியெல்லாம் இல்லை; மூன்று மாதம் வராவிட்டால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். ஆண்களுக்கும் இது உண்டு, வெளியே தெரியும் அறிகுறி குறைவு, அவ்வளவுதான். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இதற்குத் தனிப் பெயரே வைத்து, ஆண்களையும் அதில் சேர்த்தது.

விரிசல் ஆறுவதற்கு இடத்தைப் பொறுத்து ஆறு வாரமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். "எப்ப சார் ஓடலாம்?" என்று தினம் போன் வரும். வலியில்லாமல் நடக்க வேண்டும், அப்புறம் நடையும் ஓட்டமும் மாறி மாறி, அப்புறம் தொடர்ந்து ஓட்டம். தடை அதற்கும் பிறகுதான், அதுவும் முதலில் தாழ்வான தடை. தண்ணீர்க் குழி எல்லாவற்றுக்கும் கடைசி. முதல் சில தடவை குழியின் பக்கமே போகாமல், மணலில் இறங்கிப் பழகச் சொல்வேன்.