மயக்கம் போடலையா, சரி, ஸ்கோர் என்னன்னு சொல்லுங்க பாப்போம்

நான் பிசியோதெரபிஸ்ட், தோள்பட்டை வலின்னு எழுதி என்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டு ஒருத்தர் வந்தாரு. லண்டன்ல ஒரு குடோன்ல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவரு, முப்பத்தஞ்சு வயசு இருக்கும், யாழ்ப்பாணத்துக்காரர். நானும் தோளைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன், எப்படி அடிபட்டுச்சுன்னு கேட்டா, மூணு நாள் முன்னாடி குடோன்ல சாரிட்டிக்கு ஒரு ஃபுட்பால் மேட்ச், லோடு தூக்குறவங்க ஒரு டீம், சூப்பர்வைசருங்க ஒரு டீம், இவரு லோடு டீமோட கோலி, அதாவது கோல் கீப்பர். பாய்ஞ்சு பந்தைப் பிடிக்கப் போனப்ப ஒரு சூப்பர்வைசரோட முட்டி தலையில இடிச்சு, கீழ விழுந்ததுல தோளும் அடிபட்டுருச்சாம். சும்மா பேச்சுக்கு, "சரி, யாரு ஜெயிச்சா?"ன்னு கேட்டேன். மனுஷன் பதில் சொல்லாம திரும்பி மனைவி முகத்தைப் பாக்குறாரு.

கன்கஷனா, அதாவது இடியில மூளை குலுங்கித் தடுமாறுதான்னு சந்தேகம் வந்துருச்சு, தோளை அப்படியே விட்டுட்டேன்.

நோண்டி நோண்டிக் கேட்டதுல வெளிய வந்தது: இடி வாங்கினது முதல் பாதியில. அதுக்கப்புறம் முழு மேட்ச்சும் ஆடியிருக்காரு, முடிச்சுட்டுப் பப்புக்குப் போய் ரெண்டு பியர், அப்புறம் பொண்டாட்டி பிள்ளைங்கள உக்கார வெச்சுக் கார் ஓட்டிட்டு வீட்டுக்கு. "கார்ல வரேக்க ஒரே கேள்விய நாலு தரம் கேட்டவர் அக்கா"ன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. வீட்டுக்கு வந்ததும் ஒரு தடவ வாந்தி, அதை பப் சாப்பாட்டுத் தலையில போட்டாச்சு. மறுநாள் காலையில வேலைக்குப் போய் ஃபோர்க்லிஃப்ட்ல ஏறி உக்காந்துட்டாரு. ஏன் யாருகிட்டயும் காட்டலைன்னா ஒரே பதில், "ஒண்டும் இல்லை அக்கா, நான் மயங்கி விழேல்லையே."

இந்த ஒரு வாக்கியத்தை இந்த சீசன்ல மட்டும் எத்தனையாவது தடவ கேக்குறேன்னு எண்ணுறதையே விட்டுட்டேன், அதனாலதான் இதை எழுதுறேன்.

இந்த மேட்ச்சுக்கு ஐடியா எங்கேருந்து வந்துச்சுன்னு விசாரிச்சா, 'மீன் மெஷின்' படம். 2001 டிசம்பர் 26 இங்க ரிலீஸ் ஆச்சு, ஜெயில் கைதிங்க வார்டர்களோட ஃபுட்பால் ஆடுற கதை. மேட்ச் ஃபிக்ஸிங்ல பேர் கெட்டுப்போன முன்னாள் இங்கிலாந்து கேப்டனா வின்னி ஜோன்ஸ் (நிஜத்துல அவரு வேல்ஸ் டீமுக்கு ஆடினவரு, 1988-ல விம்பிள்டன் ஃபுட்பால் கிளப் எஃப்.ஏ. கப் ஜெயிச்சப்ப அந்த டீம்ல இருந்தவரு, 1992-ல செல்சியாவுக்கு ஆடினப்ப ஒரு மேட்ச்ல ஆட்டம் ஆரம்பிச்சு 3 செகண்ட்ல யெல்லோ கார்டு வாங்கினவரு, அதனால நடிக்க ரொம்ப சிரமப்பட்டிருக்க மாட்டாரு), கோலியா ஜேசன் ஸ்டேதம். இதோட மூலம் 1974-ல பர்ட் ரெனால்ட்ஸ் நடிச்சு வந்த 'தி லாங்கஸ்ட் யார்ட்', அது அமெரிக்கன் ஃபுட்பால், ஜார்ஜியா மாநில ஜெயில்லயே எடுத்தது, 2005-ல ஆடம் சாண்ட்லர் வெச்சு திரும்பவும் எடுத்தாங்க. படம் எனக்கும் பிடிக்கும், அதை ஒளிக்க மாட்டேன். வருஷம் பூரா லத்தி தூக்குற ஆளை எண்பது தொண்ணூறு நிமிஷம் ரூல்ஸோட இடிக்கலாம்ங்கிற சந்தோஷம் இருக்கே, அது மேலதிகாரி வெச்சிருக்கிற எல்லாருக்கும் புரியும். சூப்பர்வைசருங்களுக்கு எதிரா ஆடுறவன் எதுக்காக அந்தப் படத்தைப் பாக்குறான்னு நான் கேக்கவே மாட்டேன்.

ஆனா பிசியோ கண்ணோட பாத்தா படம் வேற மாதிரி ஆயிடுது, என் வீட்டுக்காரர் என்கூட உக்காந்து பாக்க மாட்டேன்னு எழுந்து போயிட்டாரு. 1974 படத்துல ஒரு ராட்சச சைஸ் கைதி, வார்டர் ஒருத்தன் கழுத்தை ஒடைச்சுட்டேன் போலன்னு பூரிச்சுப் போய் சொல்லிட்டுத் திரிவான், தியேட்டரே சிரிக்கும். இன்னொரு வார்டருக்கு அடிவயித்துக்குக் கீழ ரெண்டு தடவ பந்தாலயே அடி, அதுக்கும் சிரிப்பு. சரி காமெடி, ஒத்துக்குறேன். இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. அதே படத்துல ஹீரோ, ஜெயில் தலைமை அதிகாரி வார்டன் மிரட்டினதால வேணும்னே தப்பா ஆடிட்டு, அடிபட்ட மாதிரி நடிச்சு வெளிய வந்து பெஞ்சுல உக்காருவாரு. அதாவது அடிபட்டுருச்சுன்னு வெளிய போறவன் துரோகி, திரும்ப உள்ள வந்தா ஹீரோ. நிஜமா அடி வாங்கினவன் எல்லாம் உள்ளயே ஆடிக்கிட்டு இருப்பான். என்கிட்ட வர்ற ஞாயித்துக்கிழமை ஆட்டக்காரங்க மண்டைக்குள்ள இருக்கிறது அச்சு அசல் இந்தக் கணக்குதான், படம் பாக்காதவங்களுக்கும் சேத்து.

இப்ப அந்த மயக்கம் சமாச்சாரத்துக்கு வரேன், தயவு செஞ்சு இதை மெதுவா படிங்க. கன்கஷனுக்கு மயக்கம் போடணும்னு அவசியமே இல்ல. பத்து கன்கஷன்ல ஒன்பதுக்கு மேல மயக்கமே வராம நடக்கிறதுதான். மயங்கி விழுந்தா சீரியஸ், எழுந்து நின்னுட்டா சரியாயிடுச்சுன்னு நெனைக்கிறது சினிமாவுலேருந்து வந்தது, குத்துச்சண்டையில ரெஃப்ரி பத்து வரைக்கும் எண்ணுறதைப் பாத்து வந்தது, எங்கேருந்து வேணா வந்திருக்கட்டும், தப்பு. எழுந்து நிப்பான், பேசுவான், பந்தை உதைப்பான், கோல் கூடப் போடுவான், தலைக்குள்ள பதிவு மட்டும் ஓடாது. தலையில நேரா அடி பட்டாத்தான் வரும்னும் இல்ல, உடம்புல விழுந்த இடியில தலை வேகமா உதறினாலே போதும். வீக்கம் இல்ல, ரத்தம் இல்லன்னு சொல்றதும் அதே கதைதான், நெத்தியில கொழுக்கட்டை மாதிரி வீங்கினவன் நல்லா இருப்பான், ஒரு கீறல் கூட இல்லாதவன் மோசமா இருப்பான்.

நம்பிக்கை வரலையா, 2014 உலகக் கோப்பை ஃபைனலைப் பாருங்க. ஜெர்மனியோட கிறிஸ்டோஃப் கிராமர் 17-வது நிமிஷத்துல அர்ஜென்டினாக்காரரோட தோள்ல தலையை இடிச்சுக்கிட்டாரு, எழுந்தாரு, இன்னும் ஒரு பதினாலு நிமிஷம் ஆடினாரு. நடுவுல ரெஃப்ரிகிட்ட போய், இது ஃபைனலான்னு கேட்டிருக்காரு. மரக்கானா ஸ்டேடியத்துல உலகமே பாத்துக்கிட்டு இருக்கு, சுத்தி டாக்டருங்க கூட்டம், அங்கயே இப்படின்னா நம்ம ஏரியா பார்க்ல ஸ்பாஞ்சும் தண்ணி பாட்டிலும் வெச்சுக்கிட்டு நிக்கிற மாமா என்னத்தைக் கண்டுபிடிப்பாரு? கோலிங்களுக்குன்னு தனியா ஒண்ணு. 2018 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல லிவர்பூல் கோலி கேரியஸுக்கு எதிர் டீம் ரியல் மாட்ரிட்டோட ராமோஸ் முழங்கை பட்டு, அடுத்த ரெண்டே நிமிஷத்துல பந்தை அதே எதிர் டீம் பென்ஸிமா கால்ல கொண்டுபோய் உருட்டி விட்டாரு, அப்புறம் பேல் அடிச்ச ஷாட்டையும் கையில வாங்கி உள்ள விட்டாரு. ஊரே அவரைத் திட்டித் தீத்துச்சு. பாஸ்டன்ல டாக்டருங்க பரிசோதிச்சுட்டு கன்கஷன்னு சொன்னது அதுக்கப்புறம்தான்.

அடுத்து வர்ற கேள்வி எப்பவும் ஒண்ணுதான், தூங்க விடலாமா. விடலாம். தூங்க விடாம ராத்திரி பூரா உக்கார வெச்சு டீ போட்டுக் குடுக்கிற வைத்தியம் எல்லாம் வேண்டாம். கூட ஒரு ஆள் இருக்கணும், அவ்வளவுதான். எழுப்பினா எழுந்திருக்கலைன்னா அது தூக்கம் இல்ல, ஆம்புலன்ஸுக்கு 999 போடுங்க.

என்ன செய்யணும்னு கேக்குறவங்களுக்கு, சந்தேகம் வந்த அந்த நிமிஷமே ஆளை வெளிய எடுங்க. உறுதியானதுக்கு அப்புறம் இல்ல, சந்தேகம் வந்தாலே. அன்னைக்குத் திரும்ப உள்ள விடக் கூடாது, அவன் கெஞ்சினாலும் சரி, நீங்க ஒரு கோல் பின்னாடி இருந்தாலும் சரி, அவன்தான் உங்க ஒரே கோலின்னாலும் சரி. எத்தனையாவது பாதி, கடைசியா யாரு கோல் போட்டா, போன வாரம் யாரோட ஆடினோம்னு கேளுங்க, "உன் பேரென்ன"ன்னு கேக்காதீங்க, அது எல்லாருக்கும் தெரியும். ஆனா எல்லாத்துக்கும் சரியா பதில் சொல்லிட்டான்னு திரும்ப உள்ள அனுப்பிடாதீங்க, அந்தக் கேள்விங்க ஆளைப் பிடிக்கத்தான், விட்டுடறதுக்கு இல்ல. கழுத்து வலிக்குதுன்னா தூக்கி உக்கார வெக்காதீங்க, அசைக்கவே வேண்டாம், ஆம்புலன்ஸ் வரட்டும். திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கிட்டே போற தலைவலி, வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் பலவீனம், காதுலயோ மூக்குலயோ நிறமில்லாம தண்ணி மாதிரி வர்றது, இதுல எது இருந்தாலும் நேரா எமர்ஜென்சி, என்னை மாதிரி பிசியோகிட்ட வராதீங்க. அதெல்லாம் இல்லைன்னாலும் 24 மணி நேரத்துக்குள்ள 111-க்கு, இங்க மருத்துவ ஆலோசனை நம்பர் அது, போன் பண்ணிக் கேளுங்க. முதல் நாள் தனியா விடாதீங்க. அன்னைக்கு பியர், மது எதுவும் கிடையாது, ஒரு சிப் கூட. வண்டி ஓட்டக் கூடாது. தொழிலே வண்டி ஓட்டுறதுன்னா ஸ்டீயரிங் தொடுறதுக்கு முன்னாடி டாக்டர் பாக்கணும், ஃபோர்க்லிஃப்ட்டும் அதுல சேத்திதான் தம்பி, பக்கத்துல நடந்து போறவனுக்கும் குடும்பம் இருக்கு.

அப்புறம் 21 நாள். 2023-ல இங்க அரசாங்கம் உள்ளூர் விளையாட்டுக்குன்னு வெளியிட்ட வழிகாட்டுதல்படி முதல் ஒண்ணு ரெண்டு நாள் ஓய்வு, அப்புறம் மெல்ல நடமாட்டம், தலையில இடி படக்கூடிய பயிற்சிக்கு வரணும்னா 14 நாள் ஒரு தொந்தரவும் இல்லாம இருந்திருக்கணும், மேட்ச்சுக்கு 21-வது நாளுக்கு முன்னாடி பேச்சே இல்ல. "அடுத்த ஞாயிறு செமி ஃபைனல் அக்கா"ன்னு கேக்காதீங்க. 2011-ல வட அயர்லாந்துல 14 வயசு பள்ளிக்கூடப் பையன் ஒருத்தன் ரக்பி மேட்ச்ல அடி வாங்கியும் தொடர்ந்து ஆடினான், திரும்பவும் அடி வாங்கினான், இறந்துட்டான். முதல் அடி ஆறுறதுக்குள்ள விழற ரெண்டாவது அடிதான் எங்களுக்குப் பயம். பிள்ளைங்கள விளையாட அனுப்புற அம்மா அப்பா கால்ல விழுந்து கேக்குறேன், கோச் திட்டுவாருன்னு பிள்ளை தலைவலியை மறைப்பான், நீங்கதான் வீட்டுல கேக்கணும்.

படத்துப் பக்கம் ஒரு தடவ திரும்பப் போறேன். 'மீன் மெஷின்' வந்து ஒரு மாசம் கூட ஆகல, 2002 ஜனவரியில ஜெஃப் ஆஸ்டில் இறந்தாரு, வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனோட பெரிய ஸ்ட்ரைக்கர், 59 வயசு. அந்த வருஷக் கடைசியில கரோனர், அதாவது சாவுக்கான காரணத்தை விசாரிக்கிற அதிகாரி, விசாரிச்சுட்டு, பந்தைத் தலையால முட்டி முட்டி வந்த தொழில் நோய்னு எழுதினாரு. 2019-ல கிளாஸ்கோ ஆய்வு, முன்னாள் ஆட்டக்காரங்க மூளை தேயுற நோய்ங்களால இறக்கிறது மத்தவங்களை விட மூணரை மடங்குன்னு சொல்லுச்சு. அது வருஷக்கணக்குல சேர்ற அடி, நான் மேல சொன்னது ஒரே நாள் அடி, ரெண்டையும் குழப்பிக்காதீங்க, தனியா ஒரு நாள் எழுதுறேன்.

ஜெயில் மேட்டரும் வெறும் கதை இல்ல. 2018-லேருந்து இங்க ஃபுட்பால் கிளப்புங்க ஜெயில்களோட ஜோடி சேர்ந்து கைதிகளுக்குக் கோச்சிங் சொல்லித் தர்ற திட்டம் நடக்குது, ஆர்சனலோட முன்னாள் நிர்வாகி டேவிட் டீன் ஆரம்பிச்சது, நல்ல வேலை, மனசார சொல்றேன். ஆனா கைதிகள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஏற்கனவே எப்பவோ தலையில பலமா அடிபட்டிருக்கும்னு ஆய்வுங்க சொல்லுது, அந்தப் படத்து டீமை நிஜமா என் முன்னாடி நிறுத்தினா மருத்துவப் படிவத்தை நிரப்பவே எனக்கு ஒரு நாள் போதாது. ராத்திரி செல் கதவைப் பூட்டினதுக்கு அப்புறம் அவங்க கூட உக்காந்து பாத்துக்கிறது யாருன்னு ஸ்கிரிப்ட் எழுதினவங்க யோசிச்சிருக்க மாட்டாங்க.

நம்ம கோலி அன்னைக்கே டாக்டர்கிட்ட போனாரு, ஸ்கேன்ல ரத்தக்கசிவு எதுவும் இல்ல, வேலையில லீவு குடுத்தாங்க. ஒரு மாசம் கழிச்சுத் தோளுக்காகத் திரும்ப வந்தாரு, முகம் தெளிவா இருந்துச்சு. ஸ்கோர் ஞாபகம் வந்துச்சான்னு கேட்டேன். வரவே இல்லையாம். முதல்ல "நாங்கள்தான் வெண்டது"ன்னு ஊர் பூரா சொல்லியிருக்காரு, படத்துல கைதிங்க ஜெயிச்சது மனசுல நின்னிருக்கும் போல. நாலுக்கு ரெண்டு, சூப்பர்வைசருங்க ஜெயிச்சாங்க. கூட ஆடினவங்க வீடியோ அனுப்பினதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சிருக்கு. ரெண்டாவது பாதியில விட்ட மூணு கோலையும் திரும்பத் திரும்ப ஓட விட்டுப் பாத்தாராம்.

"என்ர ஜெர்சியப் போட்டுக்கொண்டு ஆரோ வேற ஆள் நிக்கிற மாதிரி இருந்தது அக்கா"ன்னாரு.