ஹார்மோனிக் மிக்ஸிங்: கிளைசேர்த்தல்

காவேரிப்பட்டணத்தில் ஒரு திருமண வரவேற்பு. மேடையோரம் இருந்த டிஜே, புரோகிரசிவ் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசை வகையில் ஒரு பாட்டை ஓடவிட்டு, அடுத்ததை மெல்ல உள்ளே ஏற்றினார். தாளம் மயிரிழைகூடப் பிசகவில்லை. ஆனாலும் முழுதாக ஒரு நிமிடம் பல் கூசியது. மறுநாள் முகூர்த்தத்துக்கு வாசிக்க வந்திருந்த நாகசுரக்காரர், பந்தியில் இலையிலிருந்து தலை நிமிராமலே, “சுருதி சேரவில்லை” என்றார். பிறகு டிஜேயின் கணினித் திரையை எட்டிப் பார்த்தேன். முதல் பாட்டுக்கு நேரே 8ஏ, அடுத்ததற்கு நேரே 3ஏ. இவை பாட்டின் சுருதிக்கு டிஜேக்கள் இடும் குறிகள். மேலை இசையின் பெயரில் சொன்னால் ஏ மைனரும் பி பிளாட் மைனரும்; இடையில் அரைச்சுரம்தான் தூரம்.

இந்த விபத்தைத் தவிர்க்கும் கலைக்குத்தான் ஹார்மோனிக் மிக்ஸிங் என்று பெயர். ஹார்மோனியா என்ற கிரேக்கச் சொல்லுக்கு முதலில் இசையோடு தொடர்பில்லை. பலகையோடு பலகையைப் பொருத்தும் தச்சுவேலைக்கு உரிய சொல் அது. நம் பஜனை மடத்து ஆர்மோனியப் பெட்டியின் பெயரும் அதே வேரில் வந்ததுதான்.

புரோகிரசிவ் ஹவுஸில் இது ஏன் இவ்வளவு முக்கியம்? அங்கே பாட்டை வெட்டி மாற்றுவதில்லை, ஒன்றன்மேல் ஒன்றைப் படரவிடுகிறார்கள். நிமிடத்துக்கு 122 அடி வேகத்தில், நாலு நாலு அடியாக 32 சுற்று என்றால் 63 நொடி. அத்தனை நேரம் இரண்டு பாட்டின் அடிநாதமும் ஒன்றாக ஒலிக்கும். சேராவிட்டால் ஒளிக்க இடமில்லை.

டிஜேக்கள் இதற்கு ‘கேமலாட்’ என்ற சக்கரத்தை வைத்திருக்கிறார்கள். கடிகாரம் போல 12 எண்கள். எண்ணோடு ஒட்டிய ஏ என்றால் மைனர், பி என்றால் மேஜர்; இரண்டும் மேலை இசையின் சுரவரிசை வகைகள். 8ஏ ஓடும்போது 7ஏ, 9ஏ, 8பி மூன்றும் பொருந்தும். 8ஏயிலிருந்து 9ஏ போவது ச-விலிருந்து ப-வுக்கு நகர்வது. ஏழு சுரங்களில் ஆறு இரண்டுக்கும் பொது. 8பிக்குத் தாவினால் ஏழுமே பொது, ஆதாரம் மட்டும் மாறுகிறது. சுரங்களை அப்படியே வைத்து ஆதாரத்தை மட்டும் மாற்றும் நம் கிரகபேதம்தான் அது.

இதற்குத் தமிழ்ச்சொல் என்ன? ‘இசைக்கலவை’ எனக்குப் பிடிக்கவில்லை; கலவை என்றதும் கொத்தனார்தான் கண்முன் வருகிறார். ‘சுருதி சேர்த்தல்’ வழக்கில் உள்ள நல்ல சொல். ஆனால் அது ஒரே ஆதார சுருதியில் எல்லோரும் நிற்பதைக் குறிக்கும். இங்கே சுருதி வேறு, உறவு உண்டு.

அந்த உறவுக்குச் சிலப்பதிகார உரைகளிலேயே பெயர் இருக்கிறது. நரம்புகளை, அதாவது சுரங்களை, இணை, கிளை, பகை, நட்பு என்று அவை பிரிக்கின்றன. கிளை என எண்ணப்படுபவை குரல், இளி, துத்தம், விளரி, கைக்கிளை. குரலைச் சட்ஜமாகக் கொண்டு பாடிப் பாருங்கள்: ச, ப, ரி, த, க. ஒவ்வொன்றும் முன்னதன் பஞ்சமம்! கேமலாட் சக்கரம் சுற்றும் அதே வரிசை. பன்னிரண்டு இராசி வட்டத்தில் நரம்புகளை நிறுத்திக் காட்டும் வட்டப்பாலையும் அந்த உரைகளில் உண்டு. பழந்தமிழில் கிளை என்றால் சுற்றமும்தான். எனவே என் தேர்வு: கிளைசேர்த்தல்.

ஓர் எச்சரிக்கை. வேகத்தை ஏறக்குறைய 6 விழுக்காடு கூட்டினால் பாட்டு அரைச்சுரம் ஏறிவிடும். சேர்த்த கிளை பகையாகும். சுருதியைப் பூட்டிவைக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

புரோகிரசிவ் ஹவுஸையும் தமிழாக்கச் சொல்கிறார் நண்பர். ஹவுஸ் என்பது சிகாகோவின் ‘வேர்ஹவுஸ்’ என்ற நடனக் கூடத்தின் பெயரிலிருந்து நறுக்கிக்கொண்டது என்பார்கள். ‘முற்போக்கு வீடு’ என்றால் ஏதோ எழுத்தாளர் சங்கத்தின் கட்டடம் போல இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிடலாம்.