மங்கலான ஒரு பக்கம்

சென்ற மழைக்காலத்தில் ஓர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். மளிகைக் கடைப் பையிலிருந்து தடிமனான ஒரு காகிதக் கட்டை எடுத்து மேசையில் வைத்தார். நாங்கள் அதைப் ‘புக்லெட்’ என்போம். தடுப்புக் காவல் ஆணை, அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் முதல் தகவல் அறிக்கைகள், வாக்குமூலங்கள், ரிமாண்ட் உத்தரவுகள் எல்லாம் அதில்தான் இருக்கும். அடிதடி வழக்கில் சிறையில் இருந்த மகன் மீது குண்டர் தடுப்புச் சட்டம் பாய்ந்திருந்தது. “ஜாமீன் கேட்கத்தானே வந்தேன் வக்கீல் சார், இது என்ன புதிதாக?” என்றார்.

செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்குத்தான் ஜாமீன். தடுப்புக் காவல், இனிமேல் செய்யக்கூடும் என்பதற்காக. சாட்சி விசாரணை கிடையாது, தீர்ப்பு கிடையாது. மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ ‘திருப்தி’ அடைந்தால் போதும், ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். குண்டர் சட்டம் எனப்படும் தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டுச் சட்டமும் 1980-ஆம் ஆண்டு தேசியப் பாதுகாப்புச் சட்டமும் இந்த விஷயத்தில் ஒரே அச்சில் வார்த்தவை.

இப்படிப்பட்ட சட்டமே கூடாது என்று நான் வாதிடவில்லை. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் என்ன நடந்தது என்று அறிந்தவர்களிடம், குண்டு வெடித்த பிறகுதான் பிடிக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. என் சண்டை சின்னச் சின்ன உட்பிரிவுகளோடு. எத்தனை நாளுக்குள், யார் முன்னால், யார் துணையோடு என்பதில்தான் ஒருவனுடைய சுதந்திரம் இருக்கிறது. மசோதா வரும்போது நாளிதழ்களும் உறுப்பினர்களும் தலைப்பைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் நேராகக் கெடு எழுதியிருக்கும் பக்கத்தைத் திருப்புவேன்.

அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அடுத்த மாதமே, 1950 பிப்ரவரியில், தடுப்புக் காவல் சட்டம் வந்துவிட்டது. அன்றைய மதராஸ் மாநிலச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார், தோற்றார். ஆனால் ஒரு பிரிவு மட்டும் செல்லாது என்றானது. காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திடம்கூடக் காட்டக் கூடாது என்று சொன்ன 14-ஆம் பிரிவு அது. அந்த ஒன்று விழாமல் இருந்திருந்தால் என்னைப் போன்றவர்களுக்கு இன்று வேலையே இல்லை.

அந்தச் சட்டத்துக்கு முதலில் ஆயுள் ஓராண்டுதான். ஆயுளை நீட்டிக்க வேண்டுமானால் அரசு மீண்டும் நாடாளுமன்றத்துக்கு வந்து காரணம் சொல்ல வேண்டும். அப்படி நீட்டி நீட்டி 1969 இறுதி வரை ஓடியது. பயங்கரவாதத்துக்கு எதிரான தடா சட்டத்துக்கும் இரண்டிரண்டு ஆண்டுக் கெடு இருந்ததால்தான் 1995-இல் அது தானாகக் காலாவதியானது. தேசியப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்படி ஒரு கெடு இல்லை. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமான உபாவுக்கும் இல்லை. 2004-இல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா ரத்தானபோது ஒழிந்தது என்று மகிழ்ந்தோம். அதே ஆண்டிலும் 2008-இலும் வந்த திருத்தங்கள் வழியாக அதன் பல கூறுகள் உபாவுக்குள் குடிவந்துவிட்டன.

இப்போது அறிவுரைக் கழகம், அதாவது காவலுக்குப் போதிய காரணம் இருக்கிறதா என்று கருத்துச் சொல்லும் குழு. காவலில் வைக்கப்பட்டவரின் வழக்கு மூன்று வாரத்துக்குள் அங்கே போக வேண்டும். அவருக்காக வழக்கறிஞர் வாதாட அங்கே உரிமை இல்லை. சட்டம் படிக்காத நண்பர் ஒருவர் துணைக்கு வரலாம் என்று ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு சன்னலைத் திறந்தது. அந்த அம்மா தன் அண்ணனை அனுப்பினார். லாரி ஓட்டுபவர். நான்கு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டதாகச் சொன்னார். உள்ளே என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். “நல்ல பையன் ஐயா என்று சொன்னேன்” என்றார். அதற்கு மேல் அவருக்கு என்ன தெரியும்?

கழகத்தின் தலைவராகப் பணியில் உள்ள உயர் நீதிமன்ற நீதிபதியே இருக்க வேண்டும், கழகத்தின் கருத்து இல்லாமல் மூன்று மாதம் வைத்திருக்கலாம் என்பதை இரண்டு மாதமாகக் குறைக்க வேண்டும் என்று 1978-இலேயே அரசியலமைப்பின் 44-ஆவது திருத்தத்தில் நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டது. அந்தப் பிரிவு நடைமுறைக்கு வரும் தேதியை மட்டும் எந்தக் கட்சி அரசும் இன்றுவரை அறிவிக்கவில்லை. நிறைவேறிய பிரிவு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்பில் தூங்குகிறது.

அந்தப் பையனின் புக்லெட்டை இரண்டு இரவு புரட்டினேன். நடுவே ஒரு ரிமாண்ட் உத்தரவின் நகல். பாதிப் பக்கம் கறுப்பு மை, மீதி ஆங்கிலம், தமிழாக்கம் இல்லை. அவன் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படிக்க முடியாத தாளை வைத்துக்கொண்டு எப்படி மறுப்பு எழுதுவான்? பென்சிலால் வட்டமிட்டேன். காவல் செல்லாது என்று உயர் நீதிமன்றத்தில் போட்ட ஆட்கொணர்வு மனு பட்டியலில் ஏறி, அரசு பதில் தாக்கல் செய்து, ஆணை ரத்தாவதற்குள் ஏழு மாதம் போய்விட்டது. அவன் வெளியே வந்ததற்குக் காரணம் அந்த மங்கலான பக்கம். தெருச்சண்டை வெறும் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையா, தடுப்புக் காவலுக்குத் தேவையான அளவுக்குப் பொது ஒழுங்கையே குலைத்ததா என்ற கேள்வியை நான் கேட்கவே நேரவில்லை. “அப்படியானால் இவன் மீது தப்பில்லை என்று சொல்லிவிட்டார்களா?” என்று அம்மா கேட்டார். அதை யாரும் விசாரிக்கவில்லை என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

2011-இல் ரேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த 1982 சட்டத்தின் கீழ் வந்த ஓர் ஆணையை ரத்து செய்தது. சிறையில் இருப்பவர் வெளியே வந்துவிடக்கூடும் என்று காட்ட ‘இதுபோன்ற வழக்குகளில் ஜாமீன் கிடைக்கிறது’ என்று எழுதிய அதிகாரி, எந்த வழக்கு, எந்தத் தேதி என்று சொல்லவில்லை. அதே வாக்கியத்தை இன்றும் ஆணைகளில் பார்க்கிறேன், பெயர் மட்டும் மாறியிருக்கும்.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்த ஆணை வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். சாதாரணமாக ஐந்து நாளுக்குள் காரணங்கள் கையில் கிடைத்திருக்க வேண்டும். மாநில அரசு ஒப்புதல் தராவிட்டால் பன்னிரண்டு நாளுக்கு மேல் ஆணை நிற்காது. காத்திராமல் ஆணையிட்ட அதிகாரிக்கும் மாநில அரசுக்கும் எழுத்தில் முறையீடு அனுப்புங்கள். தேசியப் பாதுகாப்புச் சட்டமென்றால் மத்திய அரசுக்கும். பதில் தராமல் இழுத்தடித்தால் அதுவே ஆணையை உடைக்கும் காரணமாகலாம். சிறையில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். பதிவு அஞ்சல் ரசீதைத் தொலைக்காதீர்கள். புக்லெட்டில் எதையும் எழுதாமல், கிழிக்காமல், வந்தபடியே வழக்கறிஞரிடம் கொண்டுவாருங்கள்.