லேப்டாப்பில் தெரியும் ஷேடை எந்த அளவுக்கு நம்பலாம்?

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட்டின் நிறம் துணியில் ஏறுவதற்கு முன்பே பல லேப்டாப்களைப் பார்த்துவிடுகிறது. டிசைனர் ஒரு சிவப்பைப் போட்டு மெயிலில் அனுப்புகிறார். மெர்ச்சண்டைசர் அதைத் திறந்து பார்த்துவிட்டு பிரிண்டிங் யூனிட்டுக்குத் தள்ளுகிறார். வெளிநாட்டில் இருக்கும் பையர் தன் திரையில் பார்த்து, ஷேடு கொஞ்சம் டல்லாக இருக்கிறதே என்கிறார். எல்லோரும் திறந்தது ஒரே ஃபைல்தான், ஆனால் ஒவ்வொருவர் பார்த்ததும் ஒவ்வொரு சிவப்பு. யார் கண்ணிலும் கோளாறு இல்லை, திரைகள்தான் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

ஃபைலுக்குள் இருப்பது வெறும் எண்கள்: சிவப்பு 200, பச்சை 30, நீலம் 45 என்பது போல, ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. அந்த எண்ணை வாங்கி ஒளியாக்குவது திரையின் வேலை. சாதாரண எல்சிடி லேப்டாப்பில் பின்புறம் எரியும் வெள்ளை எல்இடி, அடிப்படையில் ஒரு நீல எல்இடி. அதன் மேல் பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள் நீலத்தில் ஒரு பங்கை மஞ்சளாக மாற்றுகிறது. இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. முன்னால் உள்ள திரவப் படிகம் எந்தப் புள்ளியில் எவ்வளவு ஒளி கடக்கலாம் என்று தீர்மானிக்க, அதற்கு மேல் சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர்கள் இருக்கின்றன. பாஸ்பர் பூச்சு இம்மி மாறினாலும் வெள்ளை நீலத்துக்கோ மஞ்சளுக்கோ சாய்ந்துவிடும். ஒரே கடையில், ஒரே மாடலில், ஒரே நாளில் வாங்கிய இரண்டு லேப்டாப்கள்கூட வேறுபடுவது இதனால்தான். வருடங்கள் போகப் போக அந்த வெள்ளை மங்கி, நிறமும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

அந்த எண்களுக்கு உரிய ஒளி எது என்பதற்கு ஒரு பொது ஒப்பந்தம் உண்டு. 1996-ல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்து, 1999-ல் சர்வதேசத் தரமான எஸ்ஆர்ஜிபி. வெள்ளை என்றால் சுமார் 6,500 கெல்வின், அதாவது மதிய வெளிச்சத்துக்கு நெருங்கிய வெள்ளை. மூன்று அடிப்படை நிறங்களும் துல்லியமாக எவை என்பதும் அதில் இருக்கிறது. எண் ஏற ஏற வெளிச்சம் எப்படி ஏற வேண்டும் என்ற காமா வளைவும் அதில் இருக்கிறது. அது ஏறக்குறைய 2.2. இந்தக் காமாவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 255-ல் பாதி 128. ஆனால் 128-க்குத் திரை தர வேண்டிய ஒளி, முழு வெள்ளையில் 22 சதவீதம்தான். இருட்டான நிறங்களுக்கு இடையிலுள்ள சின்ன வித்தியாசத்தை நம் கண் நன்றாகப் பிடிக்கும், வெளிச்சமான நிறங்களில் அவ்வளவு பிடிக்காது. அதனால் எண்களில் பெரும்பங்கை இருட்டுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். இந்த வளைவு ஒரு திரையில் பிசகினால் நேவி புளூ கறுப்பாகிவிடும், மெலாஞ்ச் கிரே வெளுத்துவிடும்.

சரி, கண்ணால் பார்த்தே திரையைச் சரிசெய்துவிட்டால் என்ன? விண்டோஸிலும் மேக்கிலும் அதற்கான வழி உள்ளேயே இருக்கிறது. காமா கன்னாபின்னாவென்று இருந்தால் அது உதவும். ஆனால் வெள்ளையைத் தீர்மானிக்க நம் கண்ணை நம்பவே கூடாது என்பேன். எந்த வெளிச்சத்தில் சற்று நேரம் இருக்கிறோமோ அதையே வெள்ளையாக எடுத்துக்கொள்ளும் இயல்பு கண்ணுக்கு உண்டு. டியூப்லைட் வெளிச்சத்திலும் வேட்டி வெள்ளைதான், மாலை வெயிலிலும் வெள்ளைதான். அன்றாட வாழ்க்கைக்கு இது பெரிய வரம். நிறத்தை அளக்கும் வேலைக்கு இதுவே தடை: நீலம் சாய்ந்த திரையை அரை மணி நேரம் பார்த்தவருக்கு அதுதான் சரியான வெள்ளை.

அதனால்தான் கருவி வேண்டியிருக்கிறது. கலரிமீட்டர் என்பது கைக்குள் அடங்கும் ஒரு சின்னப் பொருள். லேப்டாப் மூடியைச் சற்றுப் பின்னால் சாய்த்து, வெளி வெளிச்சம் புகாதபடி திரையோடு ஒட்டித் தொங்கவிட வேண்டும். உள்ளே ஒளி உணரிகள், அவற்றின் முன்னால் ஃபில்டர்கள். அந்த ஃபில்டர்கள் மனிதக் கண்ணின் உணர்வை ஒத்திருக்கும்படி செய்யப்பட்டவை. எந்த மனிதரின் கண் என்று கேட்டால், 1931-ல் சிஐஇ என்ற சர்வதேச ஒளியியல் அமைப்பு வகுத்த சராசரிக் கண். 1920-களின் கடைசியில் இங்கிலாந்தில் ரைட், கில்ட் என்ற இருவர் தனித்தனியே நடத்திய சோதனைகளில் கலந்துகொண்டது மொத்தம் 17 பேர். அந்த 17 பேருடைய பார்வையின் சராசரி இன்று வரை உலகத்தின் நிற அளவுக்கு அடிப்படையாக இருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

மென்பொருள் திரையில் ஒரு நிறக் கட்டத்தைக் காட்டும், கருவி அளக்கும், அடுத்த கட்டம் வரும். கறுப்பிலிருந்து வெள்ளை வரை சாம்பல் படிகள், பிறகு சிவப்பு, பச்சை, நீலம், அவற்றின் கலவைகள் என்று நூற்றுக்கணக்கில்கூடப் போகும். முடிவில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன, பலர் இரண்டையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். வீட்டுச் சுவர்க்கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முள்ளைத் திருப்பி நேரத்தைச் சரிசெய்வது ஒன்று. கடிகாரம் இத்தனை நிமிடம் வேகம் என்று தெரிந்துவைத்துக்கொண்டு, பார்க்கும்போதெல்லாம் கழித்துக்கொள்வது மற்றொன்று. முதலாவதுதான் காலிபரேஷன். இரண்டாவது புரொஃபைல்.

லேப்டாப்பில் முள்ளைத் திருப்ப இடம் குறைவு. நல்ல டெஸ்க்டாப் மானிட்டரில் சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனியே பொத்தான் இருக்கும். பெரும்பாலான லேப்டாப்களில் வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவுதான். மீதியெல்லாம் கிராஃபிக்ஸ் கார்டில் உள்ள ஓர் அட்டவணையில் நடக்கிறது. வெள்ளை நீலம் சாய்ந்திருந்தால், நீலம் 255 என்று வருவதை 230 ஆக்கி அனுப்பச் சொல்லி அங்கே எழுதுகிறது மென்பொருள். இதற்கு ஒரு விலை உண்டு. 256 படிகளில் சில போய்விடும், திரையும் கொஞ்சம் மங்கும். மலிவான பேனல்களில் நிறத்துக்கு 64 படிகள்தான் நிஜமாக இருக்கும், மீதியை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டிச் சமாளிக்கும். அதில் பெரிய திருத்தம் செய்தால் வானத்தின் நீலம் பட்டை பட்டையாகத் தெரிய ஆரம்பிக்கும். அதனால் அப்படிப்பட்ட திரையில் வெள்ளையை வலிந்து 6,500-க்கு இழுக்காமல், அதன் இயல்பிலேயே விட்டு, புரொஃபைலை மட்டும் செய்துகொள்வது பல நேரம் நல்லது.

புரொஃபைல் என்பது இந்தத் திரை எந்த எண்ணுக்கு எந்த ஒளியைத் தருகிறது என்ற குறிப்புகள் அடங்கிய ஒரு சின்ன ஃபைல். 1993-ல் தொடங்கிய ஐசிசி என்ற அமைப்பு அதன் வடிவத்தை வகுத்தது. ஃபோட்டோஷாப் போன்ற மென்பொருள் அதைப் படித்து, எண்களைத் திரைக்கு ஏற்ப மாற்றி அனுப்பும். புரொஃபைலைக் கண்டுகொள்ளாத மென்பொருளில் அதே படம் வேறு மாதிரிதான் தெரியும். அப்புறம், அதே மாடலுக்கு வேறொருவர் செய்த புரொஃபைலை இணையத்தில் இறக்கிப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர் அளந்தது அவர் திரையை.

அளப்பதற்கு முன் திரை அரை மணி நேரமாவது எரிந்திருக்க வேண்டும். நைட் லைட், தானாக வெளிச்சம் மாற்றும் வசதி எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். இரவில் மஞ்சளாகும் திரையை அளந்து என்ன பயன்? வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலாவில் வைப்பது பொது வழக்கம். கருவி வாங்கினால் ஆர்கில்சிஎம்எஸ் என்ற இலவச மென்பொருளே போதும். ஓர் ஆபீஸுக்கு ஒரு கருவி இருந்தால் எல்லா லேப்டாப்பையும் அளந்துவிடலாம், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்ப அளக்கலாம்.

இவ்வளவு செய்தாலும் காட்ட முடியாத நிறங்கள் உண்டு. பட்ஜெட் லேப்டாப்களின் விவரக்குறிப்பில் 45 சதவீத என்டிஎஸ்சி என்று போட்டிருப்பார்கள். என்டிஎஸ்சி என்பது பழைய அமெரிக்க டிவி தரம், அதன் நிறப் பரப்பில் எவ்வளவு திரைக்கு எட்டும் என்பதே அந்தக் கணக்கு. எஸ்ஆர்ஜிபியே அந்தக் கணக்கில் சுமார் 72. அதாவது ஒப்பந்த நிறங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தத் திரைக்கு எட்டாது, எந்தக் காலிபரேஷனும் அதைக் கொண்டுவராது. முழு எஸ்ஆர்ஜிபி திரையிலும் பளிச்சென்ற டர்க்காய்ஸ் சாயம் அடங்காது. நியான் மஞ்சள் இன்னும் கஷ்டம்: அந்தச் சாயம் புற ஊதாவையும் நீலத்தையும் விழுங்கி மஞ்சள் பச்சையாக உமிழ்வதால், அந்த நிறத்தில் வெள்ளைத் துணியைவிட அதிக ஒளி அதிலிருந்து வருகிறது.

துணியின் நிறம் மேலே விழும் வெளிச்சத்தையும் பொறுத்தது. பகல் வெளிச்சத்தைக் குறிக்கும் டி65 விளக்கில் பொருந்தும் இரண்டு துண்டுகள், ஐரோப்பியக் கடை வெளிச்சத்தைக் குறிக்கும் டிஎல்84 விளக்கில் பிரிந்து நிற்கலாம். சாயப்பட்டறைகள் லேப் டிப், அதாவது சின்னத் துணியில் மாதிரிச் சாயம், போட்டு லைட் பாக்ஸுக்குள் விளக்கை மாற்றி மாற்றிப் பார்ப்பது இதற்காகத்தான். திரையால் அந்த வேலையைச் செய்ய முடியாது. டிசைனில் எந்த ஷேடுக்குப் பக்கத்தில் எது வரும், கிரே சூடாக வேண்டுமா குளிர்ந்து வேண்டுமா என்று பேசி முடிப்பது வரை காலிபரேட் செய்த திரை போதும். சாயமேற்றிய ஒவ்வொரு லாட்டுக்கும் பையரின் ஒப்புதல் வாங்க ஃபோட்டோ அனுப்பாமல் துணித் துண்டையும், துணியின் நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் எடுத்த அளவையும் அனுப்புங்கள்.