பழைய மோட்டார் சைக்கிள் வாங்குமுன் பார்க்க வேண்டிய இரண்டு இலக்கங்கள்

திருகோணமலையில் பழைய மோட்டார் சைக்கிள் தேடுபவர்கள் முதலில் பார்ப்பது டாங்கையும் லைட்டையும்தான். சட்டம் பார்ப்பது வேறு. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் தரும் பதிவுச் சான்றிதழில், அதாவது நம் வாயில் புழங்கும் வண்டிப் புத்தகத்தில், எஞ்சின் இலக்கமும் செசி (வண்டியின் சட்டகம்) இலக்கமும் இருக்கும். வண்டியில் குத்தியிருப்பவை அவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். டாங்க் வேறு வண்டியுடையது என்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். இலக்கம் வேறு என்றால் பெயர் மாற்றமே சிக்கிக்கொள்ளும்.

செசி இலக்கம் பெரும்பாலும் ஹேண்டில் திரும்பும் கழுத்தில் இருக்கும். பழைய பிரித்தானிய வண்டிகளில் எஞ்சின் இலக்கத்தை இடப்பக்கம், சிலிண்டர் உட்காரும் இடத்துக்குக் கீழே தேடுங்கள். ஹொண்டா சி50 என்றால் செசியில் ‘சி50’ என்றும் எஞ்சினில் ‘சி50ஈ’ என்றும் தொடங்கும். பின்னால் வரும் எண்களும் வேறாகவே இருக்கும். இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரித்தானிய வண்டியான பி.எஸ்.ஏ. எம்20இலும் அப்படித்தான். ஆகவே செசியும் எஞ்சினும் தம்முள் ஒத்துப்போகவில்லை என்று பயந்து நல்ல வண்டியை விட்டுவிடாதீர்கள், புத்தகத்தோடு ஒத்துப்போனால் சரி. 1950களின் பிரித்தானிய டிரையம்ப் மட்டும் வேறு கதை: தொழிற்சாலையிலேயே இரண்டுக்கும் ஒரே இலக்கம். 1969க்குப் பிந்திய டிரையம்பில் எஞ்சின் இலக்கத்தின் பின்னணியில் பொடிப்பொடியாக நிறுவன முத்திரை புடைத்திருக்கும். அந்த இடம் வழவழவென்று இருந்தால் யாரோ அரம் போட்டிருக்கிறார்கள்.

பழைய பிரித்தானிய வண்டிகளில் லூகாஸ் நிறுவனம் செய்த மக்னீட்டோ (எஞ்சினுக்குத் தீப்பொறி தருவது), டைனமோ (லைட்டுக்கு மின்சாரம் தருவது) ஆகியவற்றில் தயாரித்த மாதமும் ஆண்டும் குத்தியிருக்கும். வண்டியின் வயதோடு அது பொருந்தினால் நல்ல அறிகுறி.

நம்மூர்க் கடற்காற்றில் துருவும் அதன்மேல் பெயின்டும் ஏறி இலக்கம் மறைந்துகிடக்கும். அங்கே கிரைண்டர் வைக்கவே வேண்டாம். பெயின்ட் ரிமூவர் பூசி, துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து எழும்பி வரும். மணலை வேகமாக அடித்துத் துருவைச் சுரண்டும் சாண்ட் பிளாஸ்டுக்குக் கொடுக்குமுன் படம் எடுத்து வையுங்கள். மங்கிய இலக்கத்தைக் கராஜில் மறுபடி குத்துவிப்பது வில்லங்கத்தை விலைக்கு வாங்குவது. அதைத் திணைக்களத்தின் அனுமதியோடுதான் செய்ய வேண்டும். எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் அது புத்தகத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விற்பவரே முதலில் பதிவைத் திருத்தித் தரட்டும்.

இலக்கங்கள் சரி என்றால் அப்புறம் கைமாற்றம். விற்றவர் எம்.டி.ஏ. 8 படிவத்தில் 14 நாளுக்குள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். வாங்குபவர் தன் பெயருக்கு மாற்ற எம்.டி.ஏ. 6 படிவம். ‘ஓபன் பேப்பர்’ (விற்றவர் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த பெயர் மாற்றத் தாள்) இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்று இழுத்தடிக்கும் வண்டிகள் இங்கே நிறைய. கையெழுத்துப் போட்டவர் இறந்துபோனாலோ வெளிநாடு போய்விட்டாலோ அந்தத் தாளை வைத்துக்கொண்டு அலைய வேண்டியவர் நீங்கள்தான். புத்தகத்தில் ‘முழு உரிமையாளர்’ என்று லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், அது நீங்கும்வரை காசைக் கொடுக்காதீர்கள்.