ஃபிரிட்ஜ்ல வச்சா ரொட்டி விறைக்கும், லவாஷ் ரோல் மட்டும் ஏன் மெத்துன்னு ஆகுது?

ரஷ்யாலயும் பழைய சோவியத் நாடுகள் பலதுலயும் புத்தாண்டு ராத்திரி சாப்பாட்டு மேசைய பாத்தீங்கன்னா, சாலட் கிண்ணங்களுக்கு நடுவுல ஒரு தட்டுல வட்ட வட்டமா, உள்ள சுருள் சுருளா கோடு தெரியற மாதிரி வெட்டி அடுக்கின ஐட்டம் ஒண்ணு அடிக்கடி இருக்கும். அதான் லவாஷ் ரோல். முட்டை அவிக்கறத தவிர அடுப்பு பக்கமே போக வேண்டாம். மெல்லிசான லவாஷ் ரொட்டிய விரிச்சு, மயோனைஸ் தடவி, துருவின சீஸ், நண்டு ஸ்டிக், அவிச்ச முட்டை, நசுக்கின பூண்டு, பொடிசா நறுக்கின சதகுப்பை கீரை எல்லாம் தூவி, பாய் மாதிரி இறுக்கி சுருட்டி, பிளாஸ்டிக் ஃபிலிம்ல சுத்தி ஒரு மணி, ரெண்டு மணி நேரம் ஃபிரிட்ஜ்ல வச்சு எடுத்து வெட்டினா முடிஞ்சுது. (நண்டு ஸ்டிக்ல பெரும்பாலும் நண்டே இருக்காது, மீன் சதைய அரைச்சு நண்டு வாசனை சேத்து பண்றது, 1970கள்ல ஜப்பான்ல வந்த சமாச்சாரம்.)

இதுல வேடிக்கை என்னன்னா அந்த ஃபிரிட்ஜ் வேலைதான். ரொட்டிய ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க சீக்கிரம் விறைச்சுடும்னு எல்லாரும் சொல்றாங்க, அது உண்மையும் கூட. அப்பறம் இந்த ரோல மட்டும் எதுக்கு உள்ள வைக்கணும், வச்சும் அது ஏன் விறைக்கல?

முதல்ல ரொட்டி ஏன் விறைக்குதுன்னு பாப்போம். காஞ்சு போறதாலன்னுதான் நாம நெனைக்கறோம், பாதி சரி. 1852லயே பூசங்கோன்னு ஒரு பிரெஞ்சு வேதியியல்காரர் காத்து போகாம அடைச்சு வச்ச ரொட்டி, அதாவது துளி தண்ணி கூட இழக்காத ரொட்டி, அதுவும் பழசாகி விறைக்குதுன்னு காட்டிட்டாரு, அதையே 60 டிகிரிக்கு மேல சூடு பண்ணினா திரும்ப மெத்துன்னு ஆகுதுன்னும் காட்டினாரு. காரணம் மாவுச்சத்து. வேகும்போது மாவுச்சத்து மணிகள் தண்ணிய குடிச்சு உப்பி, உள்ள ஒழுங்கா அடுக்கி இருந்த மூலக்கூறு சங்கிலிகள் கலைஞ்சு போயிடும். ஆறினதுக்கு அப்பறம் அந்த சங்கிலிகள் மெதுவா மறுபடி அடுக்கிக்க ஆரம்பிக்குது, அடுக்கிக்கிட்டா படிகம், படிகம்னா கெட்டி. இந்த அடுக்கல் ரொம்ப வேகமா நடக்கறது 4 டிகிரி பக்கத்துல, அதாவது சரியா ஃபிரிட்ஜ் சூட்டுல. ஃப்ரீசர்ல தண்ணி உறைஞ்சு எதுவுமே நகர முடியாம போறதால அங்க கிட்டத்தட்ட நின்னுடும்.

ஆனா இந்த அடுக்கல்ல பெரும்பங்கு முடிய நாள் கணக்குல ஆகும். ரோல் உள்ள இருக்கறது ரெண்டு மணி நேரம். அந்த நேரத்துல அத முந்திக்கிட்டு இன்னொரு வேலை நடக்குது, தண்ணி எடம் மாறுது.

லவாஷ் பத்தி கொஞ்சம் சொல்லணும். ஆர்மீனியால கோதுமை மாவும் தண்ணியும் பிசைஞ்சு, தேச்சு, வைக்கோலோ கம்பளியோ அடைச்ச ஒரு மெத்தை மேல இழுத்து விரிச்சு, தோனிர்னு சொல்ற மண் அடுப்போட சுவத்துல அறைஞ்சு ஒட்டுவாங்க, அரை நிமிஷத்துல இருந்து ஒரு நிமிஷத்துக்குள்ள வெந்துடும். 2014ல யுனெஸ்கோ இத ஆர்மீனியாவோட பண்பாட்டு மரபா பட்டியல்ல சேத்துது, 2016ல அசர்பைஜான், ஈரான், கசகஸ்தான், கிர்கிஸ்தான், துருக்கி அஞ்சு பேரும் சேந்து எங்க மெல்லிசு ரொட்டியும்தான்னு தனியா ஒரு பதிவு வாங்கினாங்க, அந்த சண்டைக்குள்ள நாம போக வேண்டாம். நமக்கு வேண்டிய விஷயம், லவாஷ காய வச்சு மாசக்கணக்குல அடுக்கி வச்சுக்குவாங்க. காஞ்ச லவாஷ் அப்பளம் மாதிரி நொறுங்கும். வேணும்போது தண்ணி தெளிச்சு துணி போட்டு கொஞ்ச நேரம் மூடி வச்சா துணி மாதிரி மடியும்.

இங்க தண்ணி பண்ற வேலை சும்மா நனைக்கறது மட்டும் இல்ல. காஞ்ச ரொட்டில மாவுச்சத்தும் குளூட்டன் புரதமும் கண்ணாடி நிலையில இருக்கு, சங்கிலிகள் ஒண்ண ஒண்ணு புடிச்சுக்கிட்டு அசையாது, அதனால வளைச்சா ஒடையும். தண்ணி மூலக்கூறுகள் நடுவுல நுழைஞ்சா சங்கிலிகள் வழுக்க ஆரம்பிக்கும், ரொட்டி கண்ணாடி நிலையில இருந்து ரப்பர் மாதிரி நிலைக்கு வந்துடும். ரோலுக்குள்ள இதே வேலைய ஃபில்லிங் பண்ணுது.

மயோனைஸ எடுத்துக்கோங்க. ரஷ்யாகாரங்க நெறைய வாங்கற ப்ரோவான்சால் மயோனைஸ்ல கொழுப்பு 67 சதவீதம். மீதில பெரும்பங்கு தண்ணி. எண்ணெய் குட்டி குட்டி துளியா நெருக்கி அடைச்சு நிக்குது (அந்த நெரிசல்தான் மயோனைஸ கெட்டியா வச்சிருக்கு, எண்ணெய் கெட்டியா இருக்கறதால இல்ல), அந்த துளிகள சுத்தி வெளிய இருக்கறது தண்ணி. அப்ப ரொட்டிய நேரா தொடறது தண்ணிதான். ரொட்டி அத உறிஞ்சும், மெத்துன்னு ஆகும். ரொம்ப காஞ்ச லவாஷ்ல நேரா மயோனைஸ் தடவினா அது அளவுக்கு மீறி உறிஞ்சி, மயோனைஸ்ல எண்ணெய் துளிகள் ஒண்ணோட ஒண்ணு சேந்து பிரிஞ்சு ரொட்டில எண்ணெய் திட்டு தெரியும். அதனால முன்னாடியே தண்ணி தெளிச்சு பக்குவம் பண்ணிக்கறது நல்லது.

வெண்ணெய் இதுக்கு நேர் எதிர். அதுல கொழுப்பு வெளிய, தண்ணித் துளிகள் உள்ள. தடவினா ரொட்டிக்கு ரெயின்கோட். இங்கிலாந்துல வெள்ளரிக்காய் சாண்ட்விச்சுக்கு ஓரம் வரைக்கும் வெண்ணெய் பூசறதும் இதுக்குத்தான். க்ரீம் சீஸ் ரெண்டுக்கும் நடுவுல, தண்ணி நெறையவே இருக்கு, ஆனா புரத வலைக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கறதால நிதானமா வெளிய வரும்.

வெள்ளரி, தக்காளி போடறவங்க கவனிக்கணும், ரெண்டுலயும் 95 சதவீதம் பக்கம் தண்ணி. வெட்டினா செல்லு ஒடைஞ்சு ஒழுகும், மேல உப்பு பட்டா இன்னும் இழுத்து வெளிய விடும். அதனால வெள்ளரிக்கு முன்னாடியே உப்பு போட்டு பத்து பதினஞ்சு நிமிஷம் விட்டு புழிஞ்சுடுங்க, தக்காளில அந்த வழவழ விதைப் பகுதிய எடுத்துடுங்க. இல்லன்னா ரோல் இல்ல, கூழ்தான்.

இனி சுருட்டல். ரொட்டிய வளைக்கும்போது வெளிப்பக்கம் நீளணும், எவ்ளோ நீளணும்ங்கறது தடிமன பொறுத்தது. 1 செ.மீ. ஆரத்துல வளைச்சா 2 மி.மீ. ரொட்டியோட வெளிப்பக்கம் சுமார் 10 சதவீதம் நீள வேண்டி இருக்கும், 1 மி.மீ. ரொட்டிக்கு 5 சதவீதம் போதும். சப்பாத்தில பண்ணலாமான்னு கேட்டா, மெல்லிசா தேச்சு சூடு இருக்கும்போதே துணில மூடி வச்சதுன்னா ஓகே, இல்லன்னா முதல் சுத்துலயே கிழியும், அதுக்கு ருமாலி ரொட்டி எவ்ளோவோ மேல். 40 செ.மீ. நீள லவாஷ்ல ஃபில்லிங்கோட சேத்து 4 மி.மீ. தடிமன்னு வச்சா ரோல் நாலரை செ.மீ. விட்டம் வரும், உள்ள அஞ்சரை சுத்து. வாய்க்கு சரியான சைஸ். ஃபில்லிங்க ஏத்தி மொத்த தடிமன 8 மி.மீ. ஆக்கினா விட்டம் ஆறரை செ.மீ. கிட்ட ஆகிடும், சுத்து நாலுதான், வெட்டினா பொலபொலன்னு கொட்டும்.

சுருட்டின ஒடனே விட்டா ரொட்டி திரும்ப விரியப் பாக்கும், உள்ள இழுவிசை இருக்கு. ஃபிலிம் அத இறுக்கிப் புடிச்சு வச்சிருக்க, தண்ணி ஏறி எளகின சங்கிலிகள் அந்த புது வளைவுக்கு ஏத்த மாதிரி வழுக்கி உக்காந்துக்கும், இழுவிசை கொறையும். ஈரமான மாவுச்சத்து ஓரத்த ஒட்டவும் வைக்கும். ஒரு மணி நேரம் கழிச்சு ஃபிலிம பிரிச்சா அப்படியே நிக்கறது இதனாலதான்.

குளிர்ச்சியும் சும்மா இல்ல. பால் கொழுப்புல பாதி அளவுக்கு ஃபிரிட்ஜ் சூட்டுல கெட்டியாகிடும், க்ரீம் சீஸ் ரோல் அதனால சுத்தமா வெட்டு வாங்கும். மயோனைஸ்ல இருக்கற சூரியகாந்தி எண்ணெய் ஃபிரிட்ஜ்ல உறையாது, அங்க துருவின சீஸ்தான் தூண். கத்திய அழுத்தாம முன்னும் பின்னும் இழுத்து அறுங்க, இழுக்கும்போது கீழ் நோக்கி குடுக்க வேண்டிய விசை நல்லா கொறையும், ரோல் நசுங்காது. ஃப்ரீசர்ல வைக்கற ஐடியா வேண்டாம், ஐஸ் படிகம் மயோனைஸ பிரிச்சுடும்.

மறுநாளைக்கு வச்சா தண்ணி இன்னும் ஏறி சொதசொதன்னு ஆகும், அதனால அன்னிக்கே முடிக்கறது பெட்டர். வெளிய ரெண்டு மணி நேரத்துக்கு மேல விடாதீங்க, நம்ம ஊர் வெயில்ல 32 டிகிரி தாண்டிட்டா ஒரு மணி நேரம்தான் கணக்கு, முட்டையும் மீனும் உள்ள இருக்கு. அன்னிக்கே ஃபிரிட்ஜுக்கு திரும்பிப் போன துண்டுகள மறுநாள் தோசைக்கல்லுல ரெண்டு பக்கமும் முறுக விட்டு எடுத்தா சீஸ் உருகி, ஏறின தண்ணி போயி, மாவுச்சத்து படிகமும் எளகி வேற ஒரு பலகாரமா வரும், வெள்ளரி போட்ட ரோலுக்கு மட்டும் இது செட் ஆகாது.